சுடாத கால்

ஆணியைப் பிடுங்கும்போது மாமனார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதுதான் தேவசேனாவின் மனசைவிட்டுப் போகவே இல்லை.

நடந்தது போன வாரம். தறிக்கூடத்திலிருந்து கூடம்வரை சிமெண்ட் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். துடைத்துக்கொண்டே வந்தவள், நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த தாமோதரனின் உள்ளங்காலில் ஓர் ஆணி தலைவரை ஏறியிருப்பதைப் பார்த்தாள். குறடு வைத்து இழுத்தாள். சதையோடு கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டு அது வந்தது. அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"இன்னாம்மா அங்க?"

"ஆணி மாமா. கால்ல ஏறியிருக்குது."

"பாத்துப் பெருக்கக்கூடாதா?"

அந்தக் கால் இப்போது பழைய வேட்டித் துணிக் கட்டோடு, நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. தாமோதரன் ஜன்னலோரம். நடுவில் அவள் கைப்பை. மாமனாரும் மருமகளும் தனியாக எங்கேயும் போய்ப் பழக்கமில்லை.

"ஆணி குத்தினதுக்குத் திருப்பதியா? புத்தூர்லயே ஒரு கட்டு போட்டுக்கினு திரும்பியிருக்கலாம்" என்றார்.

"அது எலும்புக்கு மாமா."

"எல்லாம் கட்டுதானே."

காலையில் கிஷோர் சொல்லிவிட்டான். "மத்தியானத்துக்குள்ள திரும்பிடுங்க. சாயங்காலம் காப்பு." மனைவியைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னான். ஒரு வருஷமாக அவன் அவளிடம் பேசுவது அப்படித்தான்.

காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. செருப்புப் போடக்கூடாது. அதனால்தான் இன்றைக்கே.

போன வருஷம் தர்மராஜா கோயில் தீமிதியில் தேவசேனாவும் இறங்கினாள். கிஷோர் டெங்குவில் விழுந்து, நர்ஸுகள் முகம் கொடுத்துப் பேசாமல் நடமாடிய நாட்களில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அம்மனிடம் வேண்டிக்கொண்டது. அவன் பிழைத்தான். அவள் இறங்கினாள். பூவாக இருக்கும் என்றார்கள். சுட்டது. நெருப்பைத் தாண்டிப் பால்குழியில் கால் வைத்ததும் வாய்விட்டு அலறினாள். மறுநாள் இரண்டு உள்ளங்காலிலும் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம்.

"விரதத்துல சுத்தமா இருந்தா எதுக்குச் சுடப்போவுது?"

முதலில் கேட்டது மாமியார் கமலம்மா. தெருக் குழாயடியில், எல்லார் காதிலும் விழும்படி.

கேள்வி வந்த பிறகு பதிலை ஊரே தேடிக் கொடுத்தது. சாயப்பட்டறை திலீப் ஒரு மழை நாளில் அவளைப் புத்தூரிலிருந்து பைக்கில் கொண்டுவந்து விட்டது யாருக்கோ ஞாபகம் வந்தது. கிஷோர் பாயைச் சுருட்டிக்கொண்டு தறிக்கூடத்துக்குப் படுக்கப் போனான். "இந்த வருஷம் திருவிழா முடியட்டும், பேசிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறான். பேசுவது என்றால் கங்காதர நெல்லூரில் இருக்கும் அவள் அப்பா வீட்டுக்கு அனுப்புவது. இதை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அதே குண்டத்தில், அதே நாளில், தாமோதரன் நின்றார். கரகத்துக்குப் பின்னால் இறங்கும் முதல் ஆள் அவர்தான். மற்றவர்கள் ஓடிக் கரையேறுவார்கள். அவர் நடுவில் நிற்பார். அம்மன் பக்கம் திரும்பிக் கை கூப்பிவிட்டு அப்புறம்தான் நடப்பார். அதைப் பார்க்கவே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருவார்கள். பெண்கள் அழுவார்கள். குண்டத்துத் தாமோதரன் என்றுதான் அவருக்குப் பேர்.

ஒரே வீடு. ஒரே நெருப்பு. அவருக்குச் சுடவில்லை, அவளுக்குச் சுட்டது. இதற்கு மேல் ஊருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

தேவசேனாவுக்கே வேண்டியிருக்கவில்லை. அதுதான் அவளால் யாரிடமும் சொல்ல முடியாதது. கொப்புளம் உடைந்து தோல் உரிந்துகொண்டிருந்த நாட்களில் அவள் தனக்குள் தேடினாள். எங்கே தப்பு, எப்போது தப்பு என்று. தேடினால் கிடைக்காமல் போகாது. அந்த மழையில், பைக் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, அவள் வாய்விட்டுச் சிரித்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் சிரித்த சிரிப்பு அது. அவ்வளவுதான். அதுதான் போலிருக்கிறது என்று அந்தச் சிரிப்பை எடுத்துத் தனியாக வைத்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்ததாக நினைவில்லை.

"பூசாரி கேக்கும்போது சத்தமா சொல்லணும். போன வருஷம் மாதிரி முனகக்கூடாது" என்று இன்று காலையில் கமலம்மா சொல்லியனுப்பினாள்.

காப்புத் தட்டு வீடு வீடாக வரும். கட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் பூசாரி தனித்தனியாகக் கேட்பார். எல்லாரும் வாய்திறந்து "சம்மதம்" என்று சொல்ல வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கோயிலைக் குறை சொல்லக்கூடாது என்பதற்காக யாரோ ஒரு காலத்தில் வைத்த ஏற்பாடு. ஒரு வாய் திறக்காவிட்டாலும் தட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அந்த வீட்டில் தேவசேனாவைக் கேட்டுச் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களின் கால்களைப் பார்ப்பதற்கென்று தனி அறை இருந்தது. டாக்டர் வைஜயந்தி தெலுங்கில் ஆரம்பித்து, இவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். காலையிலிருந்து கால்களையே பார்த்துக் களைத்த முகம்.

"சுகர் எத்தனை வருஷமா?"

"அது ஆச்சு, பதினஞ்சு."

"காலை யாராவது செக் பண்ணியிருக்காங்களா?"

"காலுக்கு இன்னாம்மா? மாத்திரை துன்னுக்கினுதானே இருக்கிறேன். காலு நல்லாத்தான் கீது."

"ஆணி ஏறினது தெரியலையாமே?"

"தறிக்காரன் காலு. தடிச்சுப் போயிருக்கும்."

டாக்டர் ஒரு பிடியை எடுத்தாள். அதன் நுனியில் கொஞ்சம் நீளத்துக்கு ஒரு நைலான் இழை நீட்டிக்கொண்டிருந்தது. தாமோதரன் கையை நீட்டி அதை வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார்.

"மீன் பிடிக்கிறவன் வாங்குற நரம்பு இது. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?"

"விரல்ல தெரியுதில்ல? கால்லயும் தெரியுதான்னு பாப்போம். கண்ணை மூடிக்கோங்க. நான் தொடும்போது 'ம்'னு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். சன்னிதியில் மூடுவது போல, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி.

டாக்டர் இழையைப் பெருவிரலில் வைத்து அழுத்தினாள். இழை வில்லாக வளைந்தது. தாமோதரன் பேசாமல் இருந்தார். டாக்டர் இழையை எடுத்தாள்.

"ம்" என்றார்.

அப்போது டாக்டரின் கை காற்றில் இருந்தது.

தேவசேனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. குதிகாலில் வைத்தாள். பேச்சில்லை. பிறகு இழையைக் காலிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இப்போ தொடறேனா?"

"ம். தொடுறீங்க."

"எந்தக் கால்?"

கண் இமைக்குள் விழி அலைந்தது. "வலது."

"எந்த இடம்?"

"சுண்டு வெரலு."

எங்கேயும் தொடவில்லை.

பக்கத்துப் பையனின் தாளை எட்டிப் பார்க்கும் பிள்ளையின் முகம் அவருக்கு. வீட்டில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள். அதற்கு முன்னால் கூச்சம் வந்தது. பெரியவர் ஒருவர் துணி நழுவிக் கிடப்பதைப் பார்த்துவிட்டது போல.

அடுத்து ஓர் இரும்புக் கவை. தட்டினால் "ம்ம்" என்று அதிரும். அதைக் கால் எலும்பின்மேல் வைத்தாள். அதிர்வு நின்ற பிறகும் அவர் அதிர்கிறது என்றார். பிறகு ஒரு கருவி. ஒயர் முனையில் சின்ன உலோகக் குமிழ். மெல்லச் சூடு ஏறும், சுட்டதும் சொல்ல வேண்டும். எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக டாக்டர் முதலில் அதைத் தேவசேனாவின் புறங்கையில் வைத்தாள். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, அவங்களுக்குச் சுடுது. அது நல்ல விஷயம்."

அந்த ஒரு வாக்கியத்தை டாக்டர் வேறு எதையோ எழுதிக்கொண்டே சொன்னாள். தேவசேனா புறங்கையில் சுட்ட இடத்தைத் தேய்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமிழ் தாமோதரனின் பாதத்துக்குப் போனது. எண் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, டாக்டரின் மூச்சை, நாற்காலியின் சத்தத்தை, எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கருவியே "பீப்" என்று கத்திவிட்டு நின்றது.

"ம்" என்றார் அவசரமாக.

டாக்டர் விளக்கை இழுத்துக்கொண்டு இரண்டு பாதங்களையும் திருப்பினாள். ஆணிக் காயத்தைச் சுத்தம் செய்தாள். அப்புறம் அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன?"

பாதத்தின் முன்பக்கம் முழுக்க, ரோஜா நிறத்தில், சுருக்கமில்லாமல் பளபளவென்று தோல். ஒன்றின்மேல் ஒன்றாக மேடு. தேவசேனாவுக்கு அந்தப் பளபளப்பு தெரியும். தினமும் குளிக்கும்போது தன் காலில் பார்ப்பதுதான்.

"தீப்புண் தழும்பு. ஒரு தடவை வந்ததில்லை, பல தடவை. தீமிதியா?"

தாமோதரன் வேட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஐயா, உங்க கால்ல நரம்பு செத்துப் போயிருக்கு. இன்னிக்கு நேத்திக்கு இல்ல, பல வருஷமா. நெருப்பு உங்களையும் எல்லார் மாதிரிதான் சுட்டிருக்கு. சுட்டது உங்களுக்குத் தெரியலை, அவ்வளவுதான். போனது திரும்பாது. காலையாவது காப்பாத்திக்கணும். ஒரு அடி கூட வெறுங்கால்ல வைக்கக்கூடாது, வீட்டுக்குள்ளேயும். இந்த ஆணிப் புண்ணோட மறுபடி நெருப்புல இறங்கினீங்கன்னா, காலை எடுக்கும்படி ஆகும்."

பிறகு தேவசேனாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க மருமகளா? வீட்ல பொம்பளைங்க இருந்துக்கிட்டு, இந்தக் காலை ஒரு தடவை திருப்பிப் பாக்கக் கூடாதா?"

ஆணி கிடந்ததும் அவள் தப்பு. நரம்பு செத்ததும் அவள் தப்பு.

"பாக்கிறேன் மேடம்" என்றாள் தேவசேனா.

புதுக் கட்டுப் போட்டதும், கீழே கடையில் சர்க்கரைக்காரர்களுக்கான எம்.சி.ஆர். செருப்பு வாங்கினார்கள். கறுப்பு, மெத்தென்ற அடிப்பாகம், பின்பக்கமும் பட்டை. தாமோதரன் காலை விட்டுப் பார்க்கவே மாட்டேன் என்றார்.

"ஆஸ்பத்திரிச் செருப்பு. இதப் போட்டுக்கினு நான் தெருவுல போகணுமா?"

அவள் பையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. பஸ் வடமாலைப்பேட்டையைத் தாண்டியது. வெளியில் வைகாசி வெயில். அவருடைய கட்டில்லாத பாதம் பஸ்ஸின் தகரத் தரையில் இருந்தது. இன்ஜின் பக்கத்து இருக்கை, தகரம் கொதித்துக்கொண்டிருக்கும். தேவசேனா செருப்போடு இருந்தும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். அவர் அசையவில்லை.

சொல்லலாம். காலை எடுங்க மாமா, சுடுது என்று சொல்லலாம். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சும்மா இருந்தால் போதும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சாயங்காலம் சம்மதம் என்று சொல். சத்தமாகச் சொல், அத்தை சொன்னது மாதிரி. அவர் இறங்குவார். நிற்பார். அப்புறம் அந்தக் கால் என்ன ஆகிறது என்று ஊர் தானாகப் பார்க்கும். அந்தக் குரல் அவளுடையதுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு வருஷம் முழுக்க இல்லாத கறையை இருக்கிறது என்று தேடியவளுக்கு, இப்போது உண்மையான ஒன்று கையில் வந்திருந்தது. அது கனமாகக்கூட இல்லை.

"மாமா, காலைத் தூக்கிக்குங்க. தகரம் கொதிக்குது."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். இன்னொருவர் காலைப் பார்ப்பது போல. பிறகு கையால் தூக்கி எதிர் இருக்கையில் வைத்துக்கொண்டார்.

"மொத மொத இறங்கினப்போ எனக்கும் எரிஞ்சுது" என்றார் திடீரென்று. "நாய் மாதிரி ஓடினேன். ஒவ்வொரு வருஷமும் ஓடுவேன். அப்புறம் ஒரு வருஷம் சுடவே இல்ல. ஜில்லுன்னு இருந்துச்சுன்னு சொன்னா நம்புவியா? அம்மன் என்னை ஏத்துக்கினான்னு நெனச்சேன். காலு தானா நின்னுடுச்சு. அங்கயே நின்னு அழுதேன்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். "அது சக்கரை நோவாம்மா?"



"கொப்புளம் வந்துச்சு இல்ல மாமா? அப்போவும் தெரியலையா?"

"ரெண்டு நாள் கழிச்சு உங்க அத்தைதான் பாய்ல கறையைப் பாத்துட்டுச் சொன்னா."

"அத்தையா?"

"அவதான் மருந்து போடுவா. கதவைச் சாத்திக்கினு. வருஷா வருஷம். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அவளே கொல்லைப் பக்கம் துணியத் துவைச்சுப் போடுவா."

"போன வருஷமும்?"

"போன வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி."

தேவசேனா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவர் காலுக்கு மருந்து. இந்தப் பக்கம் அவள் தன் காலைத் தானே ஊதிக்கொண்டு கிடந்தாள். மருந்து போட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் அத்தை குழாயடிக்குப் போயிருப்பாள்.

"எனக்கும் சுட்டுச்சே மாமா. அது மட்டும் இன்னா?"

தாமோதரன் வெளியே எட்டிப் பார்த்தார். "புத்தூர் வந்துடுச்சா பாரு."

புத்தூர் வந்து, போய், பஸ் நகரிச் சாலையில் திரும்பிய பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "வீட்ல சொல்லாதம்மா. எனக்குன்னு அந்த ஒரு நாள்தான். அதையும் எடுத்துடாத."

எனக்கு என்று ஒரு நாளும் இல்லையே என்று அவள் சொல்லவில்லை.

வீட்டில் கோலம் போட்டு, மாவிலை கட்டி, தறிகளை நிறுத்தியிருந்தார்கள். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் தறிச் சத்தம் இல்லாத வீடு. பேசினால் எல்லாம் கேட்டது.

"டாக்டர் இன்னா சொன்னாங்க நைனா?" என்றான் கிஷோர்.

"ஒண்ணுமில்லடா. சக்கரை கொஞ்சம் ஏறிக்கினு இருக்குதாம். காலுல மீன் நரம்பு வெச்சிப் பாத்தாங்க. கண்ணை மூடிக்கினே எல்லாத்துக்கும் கரெக்டா சொன்னேன். கேளு உன் பொண்டாட்டிய."

கேட்கும் வழக்கம் அவனுக்குப் போய்விட்டிருந்தது. ஆனாலும் அவள் பக்கம் திரும்பினான். தேவசேனா மூலையிலிருந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினாள்.

"திரும்பச் சொல்லிக் காட்டுங்க மாமா. அவரும் பாக்கட்டும்."

பஸ்ஸில் கெஞ்சிய மனிதர் இப்போது மகன் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. "இதுக்கின்னா" என்று காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

தேவசேனா ஈர்க்கைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"ம்" என்றார்.

கிஷோர் ஈர்க்கைப் பார்த்தான். காலைப் பார்த்தான்.

"ம். இப்போ இடது காலு."

அவன் அவள் கையிலிருந்து ஈர்க்கைப் பிடுங்கினான். நுனியை அப்பாவின் பெருவிரலில் குத்தி அழுத்தினான். இன்னும் அழுத்தினான். ஈர்க்கு ஒடிந்தது.

"இன்னாடா, நிறுத்திட்டீங்களா?" என்றார் தாமோதரன், கண்ணைத் திறக்காமல்.

பூஜை அறை வாசலில் கமலம்மா மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள்.

கிஷோர் அப்பாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். பளபளவென்ற தோல். வெகுநேரம் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"இது உனக்குத் தெரியுமா?"

"நெருப்புன்னா ஒண்ணு ரெண்டு வரும்டா. பெரிய விரதக்காரருக்கு வந்தா அது அம்மன் பாக்கிற சோதனை."

"அவளுக்கு வந்ததுக்கு வேற சொன்னியே."

கமலம்மா சொம்பைக் கீழே வைத்தாள். தண்ணீர் தளும்பியது. "வேற இன்னா சொல்லச் சொல்ற? இவ அலறினா ஊரே கேட்டுச்சு. சுடுதுன்னு ஒருத்தி அலறிட்டா, அடுத்தது எல்லாரும் யாரைப் பாப்பாங்க? இவர் காலைத்தான் பாப்பாங்க. இந்த வீட்டு மானம் அந்தக் காலுலதான் நிக்குது. அதுக்கு நான் இன்னா செய்யட்டும்?"

அவள் அழவில்லை. வெட்கப்படவும் இல்லை. அரிசி தீர்ந்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.  அத்தை தேவசேனாவை வெறுக்கக்கூட இல்லை. கையில் கிடைத்த துணியை எடுத்து மூடியிருக்கிறாள். அந்தத் துணி இவள்.

கிஷோர் தேவசேனாவைத் தறிக்கூடத்துக்குள் கூப்பிட்டான். ஒரு வருஷத்தில் முதல் தடவை. நின்றுபோன தறிகளுக்கு நடுவில் அவன் பாய் சுருட்டி வைத்திருந்தது.

அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவள் காத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாமல், உடம்பு முழுக்கக் காத்திருந்தது.

"தேவசேனா. இதை வெளியில சொல்லிடாத" என்றான்.

அவள் அவனையே பார்த்தாள்.

"நைனா இந்த ஒரு வருஷம் இறங்கட்டும். நிக்க வேணாம், ஓடிடுங்கன்னு நான் சொல்லிடறேன். அடுத்த வருஷத்துலருந்து வயசாயிடுச்சுன்னு நிறுத்திடலாம். கமிட்டிக்காரங்க, ஊரு, எல்லாம் வந்துக்கினு இருக்கும்போது இப்போ போயி..."

"காலை எடுக்கும்படி ஆகும்னு டாக்டர் சொன்னாங்க."

"டாக்டருங்க பயமுறுத்துவாங்க."

"நான்?"

"உன்னை இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பேசறேன்."

"எப்போ?"

"திருவிழா முடியட்டும்."

அதே வார்த்தை. அனுப்புவதற்கும் அதுதான், வைத்துக்கொள்வதற்கும் அதுதான். அந்த டெங்கு வராந்தாவில் தான் எதைக் கேட்டு வேண்டிக்கொண்டோம் என்று தேவசேனா யோசித்தாள். அவன் உயிரைக் கேட்டாள். அம்மன் கொடுத்துவிட்டாள். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை அப்போது.

தெருமுனையில் பம்பைச் சத்தம்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பூசாரி நாகபூஷணம் தட்டோடு நின்றார். தட்டில் மஞ்சள் துண்டு கட்டிய நூல், வேப்பிலை, கற்பூரம். தாமோதரன் வெறுங்காலோடு படியில் நின்றார். புதிய கட்டை யாரோ அவிழ்த்திருந்தார்கள். கமலம்மா மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள், பாதத்தின் மேல்பக்கம் மட்டும்.

"குண்டத்துத் தாமோதரா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அவர் முகம் மலர்ந்தது. பஸ்ஸில் பார்த்த கிழவர் எங்கே போனார் என்று தெரியவில்லை.

"கமலம்மா, சம்மதமா?"

"சம்மதம்."

"கிஷோரு?"

தொண்டையைச் செருமிக்கொண்டான். "சம்மதம்."

"மருமவளே, உனக்கு?"

தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம். குழாயடியில், கடையில், கோயில் வாசலில். முகத்தைப் பார்த்துவிட்டு உடனே காலுக்கு இறங்கும் பார்வை. இன்றும் இறங்கியது. தேவசேனாவின் கையில் செருப்புப் பை இருந்தது. எப்போது எடுத்துக்கொண்டு வந்தாள் என்று ஞாபகமில்லை. குனிந்து செருப்புகளை எடுத்து, மாமனாரின் ஈரக் காலுக்கு முன்னால், பக்கம் பக்கமாக வைத்தாள்.

"எனக்குச் சம்மதமில்ல" என்றாள்.

பம்பை தடுமாறி நின்றது. கமலம்மா "அடிப்பாவி" என்றது எல்லாருக்கும் கேட்டது. கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். "பொறாமைடீ. தான் வெந்துபோனவ, அவரை விடுவாளா?"

நாகபூஷணம் கையை உயர்த்தினார். "ஏதி, காரணம் செப்பும்மா. காரணம் இல்லாம மறுத்தா அது வீட்டுக்கு நல்லதில்ல."

அவள் சொல்லலாம். நாக்கில் எல்லாம் வரிசையாக நின்றது. ஆனால் அவள் சொன்னால் அது அவள் சொன்னதாகத்தான் இருக்கும். வெந்துபோனவள் சொன்னது. அதன் விலை அவளுக்குத் தெரியும்.

"நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க பூசாரி" என்றாள். "என் வீட்டுக்காரரைக் கேளுங்க. அவரு கண்ணால பாத்தாரு."

தெரு முழுக்கக் கிஷோரின் பக்கம் திரும்பியது. அவன் கையில் இன்னும் அந்த ஒடிந்த ஈர்க்குத் துண்டு இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்றது அந்தப் பார்வை.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லுப்பா கிஷோரு" என்றார் பூசாரி. தட்டில் கற்பூரம் பாதி கரைந்திருந்தது.

கிஷோர் வாயைத் திறந்தான்.